குருதிப் பையில் வந்த அந்நியர்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் குருதிக்கொடை முகாம் நடக்கும் நாள்களில், பணிநேரம் முடிந்த தொழிலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்பர். அதே ஊரிலிருந்து நோயாளரை ஏற்றிய ஊர்திகள் எல்லை கடந்து பெங்களூருக்கு விரையும். இந்திய ஆயர்கள் 1963-இல் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரிக்கு நம் மக்கள் போவதும் அவ்வழியேதான். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியார். கொடுத்த குருதி முழுவதும் பெறுபவருக்கு நலமே செய்யும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது.

1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளை வெளியிட்டார். அதன்பின் வகை பார்த்துச் செலுத்தியும், நோயாளருக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. குழாயிலும் புட்டியிலும் தங்கிய அழுக்கே காரணம் என்றனர். தூய்மை பெருகியபோது காய்ச்சல் குறைந்தது. ஆனால் அடியோடு நீங்கவில்லை.

விடை வெள்ளணுக்களில் இருந்தது. ஒரு பைக் குருதியில் அவை ஏறத்தாழ நூறு கோடிக்கு மேல் உண்டு. கொடுத்தவரின் உடலில் அவை காவலர். பெறுபவரின் உடலில் அந்நியர். பலமுறை குருதி பெற்றவர்களின் ஊநீர், பிறருடைய வெள்ளணுக்களைத் திரளச் செய்வதைப் பிரான்சு நாட்டு ஜான் தோசே 1950-களின் தொடக்கத்தில் கண்டார். 1958-இல் அவ்வணுக்களின்மீதுள்ள அடையாளம் ஒன்றையும் விளக்கினார். உறுப்பு மாற்று மருத்துவத்திற்கே அடித்தளமான அப்பணிக்கு 1980-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1957-இல் அமெரிக்காவில் பிரிட்டிங்காம், சாப்ளின் ஆகிய இருவரும் காய்ச்சலுக்கும் வெள்ளணுக்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர்.

பகைவன் யாரெனத் தெரிந்தபின் அவனைப் பிரிப்பது எவ்வாறு? 1970-களில் நெதர்லாந்தில் பருத்திப் பஞ்சின் வழியே குருதியை வடித்தனர். பருத்தி விளையும் நாட்டினராகிய நமக்கு இச்செய்தி சற்றே இனிக்கிறது! பஞ்சின் இடத்தைப் பின்னர் நுண்ணிய பாலியெஸ்டர் இழைகள் பிடித்தன. சிவப்பணுக்கள் வளைந்து நெளிந்து கடந்துவிடும். வெள்ளணுக்கள் இழையில் ஒட்டிக்கொள்ளும். பையொன்றில் எஞ்சுபவை ஐம்பது இலட்சத்திற்கும் கீழ். அணுக்களுக்குள் பதுங்கிவரும் சைட்டோமெகலோ வைரசும் இதனால் பெரிதும் தடைப்படுகிறது.

எப்போது வடிப்பது என்பதும் சிறிய கேள்வியன்று. சேமிப்பில் இருக்கும் நாள்களில் வெள்ளணுக்கள் காய்ச்சலூட்டும் பொருள்களைக் கசியவிடுகின்றன, சிதைந்தும் போகின்றன. நோயாளியின் படுக்கையருகே வடித்தால் அணுக்கள் நிற்கும், கசிந்தது நிற்காது. ஆகவே, குருதி பெற்றவுடனேயே வடிப்பது மேல். பிரித்தானியா 1999-க்குள் எல்லாக் குருதியையும் இவ்வாறு வடிக்கத் தொடங்கியது. மாட்டுப் பித்த நோயின் மனித வடிவம் குருதிவழிப் பரவுமோ என்ற அச்சமே அதற்கு உடனடிக் காரணம்.

நம்மை உலுக்கும் செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 'எங்கள் பிள்ளைக்கு எங்கள் இரத்தமே போதும்' என்று உறவினர் முன்வருவது நம் வழக்கம். ஆனால், நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்கள் பெறுபவரின் அணுக்களை ஒத்திருப்பதால், உடல் அவற்றை அந்நியமென அறியாமல் விட்டுவிடக்கூடும். தங்கிவிட்ட அவை பெறுபவரின் உடலையே தாக்கலாம். மிக அரிதாகவே இது நேரும். நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. இதற்கு வடிகட்டியும் போதாது. குருதியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவர் உறவினர் அல்லர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, பணத்திற்குக் குருதி விற்பதற்கு முடிவுகட்டியது. தொற்றுச் சோதனைகள் கட்டாயமாயின. வடிகட்டலோ எல்லாப் பைகளுக்கும் கட்டாயமாகவில்லை. தலசீமியா நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும் குருதி வேண்டும். பெரிதும் தேவைப்படுவது அத்தகையோருக்கே. கொடையாளர் குருதியை விலையின்றித் தருகிறார். வடிகட்டியை விலைகொடுத்து வாங்கிவரும்படி தந்தையிடம் சீட்டு எழுதிக் கொடுக்கும் இடங்கள் இன்னும் உள்ளன.