பிறர் அறம் காத்தவர்கள்

ரோம் நகரில் செஸ்டியஸ் என்பவருக்கு 2000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கல்லறைப் பிரமிடு ஒன்று உண்டு. அதைப் பழுதுபார்க்கச் சுமார் 20 லட்சம் யூரோ கொடுத்தவர் யூசோ யாகி என்ற ஜப்பானியத் துணி வியாபாரி. 2015இல் வேலை முடிந்தது. 'அயலூர்க் கட்டடத்துக்கு இவர் ஏன் கைக்காசு போடணும்?' என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டில் இது பழைய வழக்கம் என்று நினைவூட்டவே இச்சிறு கட்டுரை.

சித்தன்னவாசல் குடைவரையைப் பலரும் ஓவியத்துக்காகவே அறிவர். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அதைப் புதுக்கி, முன்மண்டபமும் எடுத்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன். அவர் அரசர் அல்லர், ஒரு சமண ஆசிரியர்.

போளூர்ப் பக்கத்துத் திருமலைக் கல்வெட்டு எனக்கு இன்னும் நெருக்கம். சேர மரபினன் எழினி செய்துவைத்த யட்சன், யட்சி உருவங்கள் சிதைந்துபோயின. கி.பி. 1200ஐ ஒட்டி, தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து மலையில் வைத்தான். நாம் ஊருக்குப் போகிற வழியில் வரும் தருமபுரிதான் அந்தத் தகடூர். கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தச் சாசனம் முதலில் செய்தவன் பெயரையும் விடாமல் சொல்கிறது. வியாபாரியான எனக்கு இது நன்றாகப் புரிகிறது. பழைய பாக்கியைக் கொண்டுவராமல் புதுப் பேரேடு எழுதினால் அது கணக்கே இல்லை.

செம்பியன் மாதேவியாரும் அப்படியே. 10ஆம் நூற்றாண்டில் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச்சுவரில் திரும்ப வெட்டுவித்தார். கொடை கொடுத்தவர்களும் இதைத்தான் வேண்டினார்கள். இந்த அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்ற கருத்தோடு முடியும் கல்வெட்டுகள் எத்தனையோ!

பிற்காலத்தில் நல்ல மனசோடு செய்த திருப்பணியிலேயே கேடும் வந்தது. பழைய சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். எழுத்தின் மேல் பளிங்குக்கல் ஒட்டி 'உபயம்' என்று பெயர் போட்டார்கள். பல சாசனங்கள் போய்விட்டன. ரோமில் அந்தப் பிரமிடைப் பாருங்கள்: 1663இல் பழுதுபார்த்தவர்கள் செஸ்டியஸ் பெயரை அழிக்கவில்லை. அதன் கீழே தங்கள் வரியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் வைட்ஃபீல்டை ஒட்டிய காடுகோடியிலேயே ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காலம் கி.பி. 1043. பட்டந்தூர் ஏரிக்குக் கரையும் மதகும் அமைத்ததையும், கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகியோரை நிறுவியதையும் அது சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே தமிழ் எழுதிய கை இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1996 முதல் மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தனியாரும் அதன் வழியே பணம் தரலாம். ஊர்க்கோயிலுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறோம். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: வேலை தொடங்கும் முன் கல்வெட்டைப் படியெடுக்கணும், அந்தக் கல்லைத் தொடக்கூடாது. நம் பெயர் அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தால் போதும்.