பூனைக்கு ஏன் சிஆர்பி ஏறுறதில்ல? ஒரு ரத்தப் புரதத்தோட கதை

1/ கொரோனாவுக்கு அப்புறம் சிஆர்பி டெஸ்ட் தெரியாத வீடே இல்ல. "சிஆர்பி நார்மல் டாக்டர், அப்ப பயமில்லதானே?"னு ஓபில அடிக்கடி கேக்குறாங்க. இப்ப வீட்டுப் பூனைக்கும் அதே கேள்வி வருது. பதிலுக்கு 1930 வரைக்கும் போகணும். வாங்க.

2/ நியூயார்க், ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம். பென்சிலின் மருந்தா வராத காலம். வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் ரெண்டு பேரும் நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரிச்ச 'சி'ங்கிற பொருளை நிமோனியா நோயாளிகளோட சீரத்துல கலந்தாங்க. வெள்ளையா திரிஞ்சு படிஞ்சது.

3/ எதிர்ப்பொருளா இருந்தா, நோய் தீர்ந்த பிறகும் ரத்தத்துல இருக்கணும். இது ஆள் தேறினதும் காணாம போச்சு. நிமோனியாவே இல்லாத ருமாட்டிக் காய்ச்சல்லயும் தென்பட்டுச்சு. 1941ல ஆஸ்வால்ட் ஏவரியோட ஆய்வுக்கூடம் இது ஒரு புரதம்னு காட்டுச்சு. மரபுப் பொருள் டிஎன்ஏதான்னு 1944ல காட்டின அதே ஏவரிதான்!

4/ உடம்புல எங்க அழற்சி வந்தாலும் இன்டர்லூக்கின்-6 மூலமா கல்லீரலுக்குச் சேதி போகும். சில மணி நேரத்துல சிஆர்பி ஏறும். எந்த இடம், என்ன காரணம்னு அது சொல்லாது.

5/ நாய்க்கும் சிஆர்பி நல்லா ஏறும். பூனைக்குப் பெருசா அசையாது. அதோட கல்லீரல் அழற்சியில கூடுதலா சுரக்கிறது சீரம் அமைலாய்ட் ஏ, ஆல்ஃபா-1 ஆசிட் கிளைகோபுரோட்டீன் மாதிரி வேற புரதங்களை. அதனால பூனையோட சிஆர்பி நார்மல்ங்கிறது ஆறுதலே இல்ல.

6/ குடல்ல இன்னொரு சிக்கல். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிற மனுஷங்க சிலருக்கே சிஆர்பி நார்மலா இருக்கும். 1980ல நார்வேயில மாக்னே ஃபாகெர்ஹோல் குழு வெள்ளையணுக்கள்ல இருந்து ஒரு புரதத்தைப் பிரிச்சாங்க. பின்னாடி அதுக்குக் கால்புரொடெக்டின்னு பேர் வந்துச்சு. 1992ல அதை மலத்துல அளக்கிற முறையும் அங்கிருந்தே வந்தது. யாருக்குக் கொலோனாஸ்கோபி தேவைன்னு முடிவு பண்ண இன்னைக்கு அது உதவுது.

7/ பூனைக்கு மாசக்கணக்கா வாந்தி, பேதி, எடை குறைவுன்னா குடல் அழற்சியா இருக்கலாம். மெதுவா வளர்ற லிம்ஃபோமா புற்றுநோயாவும் இருக்கலாம். ரெண்டும் வெளியில ஒரே மாதிரி தெரியும். அமைலாய்ட் ஏ ஏறியிருந்தா அழற்சி இருக்குன்னு தெரியும், எதனாலன்னு தெரியாது. ஆல்புமின், பி12, ஸ்கேன் எல்லாம் பாத்தாலும், பிரிச்சுச் சொல்ல பயாப்சி தேவைப்படும். வைத்தியம் வேறங்கிறதால அது முக்கியம்.

8/ நான் மனுஷங்களுக்கான டாக்டர். பூனை இளைச்சுக்கிட்டே போனா கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க. உங்களுக்கே மலத்துல ரத்தம், வாரக்கணக்கா பேதி, காரணமில்லாம எடை குறையுதுன்னா, சிஆர்பி நார்மல்னு வீட்டுல உக்காராதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க.