யூதத் தெருவின் தாய்
(வானொலியில் வழங்கப்பட்ட அருளுரையின் எழுத்து வடிவம்)



தாத்தா பாட்டியரையும் முதியோரையும் போற்றுவதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அது. மரியாவின் பெற்றோரான புனித சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி வருவது. அன்னாவும் ஒரு யூதத் தாய்தான். இன்று நம் அண்டை மாநிலத்தில் 96 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு யூதப் பெண்மணியை நினைப்போம்.

அவர் பெயர் சாரா கோஹன். 1922-இல் பிறந்தவர். கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் வாழ்ந்தவர். அத்தெருவின் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. போர்ச்சுக்கீசியரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதருக்குக் கொச்சியின் இந்து மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1662-இல் போர்ச்சுக்கீசியர் அந்தக் கூடத்தையும் தாக்கிச் சேதப்படுத்தினர். தாக்கியவர்கள் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியவர்கள். அடைக்கலம் தந்தவர் கிறிஸ்தவர் அல்லர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. யூதர்மீதான வெறுப்பு எதுவாயினும் அது தவறு என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானபின் கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினார்கள். தெரு மெல்ல மெல்லக் காலியானது. சாராவும் கணவர் ஜேக்கப்பும் போகவில்லை. சாரா துணியில் பூவேலை செய்தார். ஆண்கள் தொழுகையில் அணியும் சிறு தொப்பி, ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணி என்று தம் மக்களின் வழிபாட்டுக்கு வேண்டியவற்றைத் தைத்து, வீட்டிலேயே கடை வைத்து விற்றார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்தான் தாஹா இப்ராகிம் என்ற இஸ்லாமியச் சிறுவன். பொருள்களை வைத்துக்கொள்ள ஜேக்கப் தம் வீட்டில் இடம் கொடுத்தார். சாராவுக்கு முதலில் அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஆனால் நாளடைவில் ஊசியும் நூலும் அவர்களைச் சேர்த்துவைத்தன. சாராவின் பூவேலையைத் தாஹா கற்றுக்கொண்டார். 1999-இல் ஜேக்கப் மறைந்தார். தமக்குப்பின் சாராவைப் பார்த்துக்கொள்ளும்படி தாஹாவிடம் அவர் கேட்டிருந்தார். தாஹா இருபது ஆண்டுகள் அந்த வாக்கைக் காத்தார். கடையை நடத்தினார், முதுமையில் உடனிருந்தார். அவர் இஸ்லாமியராகவே இருந்தார், சாரா யூதராகவே இருந்தார். 2019 ஆகஸ்டு 30 அன்று சாரா கண்மூடினார்.

நகோமியை விட்டுப் பிரியாத ரூத்து நம் நினைவுக்கு வருகிறார். அவரும் வேற்றினத்தவர்தான். சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயை ஒப்படைத்தது, அவர் வயிற்றில் பிறவாத ஒரு சீடரிடம்தான். தாய்மை என்பது இரத்தத்தோடு முடிந்துவிடும் உறவு அன்று. ஒருவர் நம்பி ஒப்படைக்கிறார், மற்றவர் ஏற்றுக்கொள்கிறார். அங்கே ஒரு குடும்பம் பிறக்கிறது.

நம் மத்திகிரியைப் பாருங்கள். ஓசூர் ஆலைகளில் வேலை தேடி எத்தனை மாவட்டங்களிலிருந்து வந்திருக்கிறோம்! நம் பெற்றோர் பலர் ஊரில் தனியே இருக்கிறார்கள். இங்கேயோ, பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட பெரியவர்கள் நம் தெருவிலேயே தனியே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். கும்பிடும் தெய்வம் வேறாக இருக்கலாம். நம் அம்மாவை அங்கே யாராவது எட்டிப்பார்க்க மாட்டார்களா என்று நாம் ஏங்குகிறோம். அப்படியானால், இங்கே இருக்கும் அம்மாவை எட்டிப்பார்க்க வேண்டியவர் யார்?

இந்த வாரம் நம் தெருவில் தனித்திருக்கும் ஒரு பெரியவரின் கதவைத் தட்டுவோம். மாத்திரை வாங்கித் தரவேண்டுமா என்று கேட்போம். பத்து நிமிடம் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்போம். ஊரிலிருக்கும் நம் பெற்றோருக்கும் இன்றே தொலைபேசியில் பேசுவோம்.

தம் தாயைப் பிறர் கையில் ஒப்படைத்த ஆண்டவரே, எங்களிடம் நீர் ஒப்படைத்திருக்கும் முதியோரை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.