நூறாண்டு காத்திருந்த உப்புநீர்

‘டிரிப்ஸ்’ என்று நாம் சொல்லும் சிகிச்சைக்கான கருத்து 1832-லேயே பிறந்துவிட்டது. அதைத் தாங்கிப் பிடிக்கும் குழாயும் ஊசியும் சுத்தமான நீரும்தான் பிறக்கவில்லை. 1831-இன் இறுதியில் பிரிட்டனைக் காலரா தாக்கியபோது, ஓ’ஷாக்னெசி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அது நீரையும் உப்பையும் இழந்திருப்பதைக் காட்டினார். அந்தக் கண்டுபிடிப்பை வைத்து, அடுத்த மே மாதம் எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் கைச் சிரையில் சிறிய வெள்ளிக் குழாயைச் செருகி உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டர் உள்ளே போனது. குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, உடம்பில் சூடு திரும்பியது. தேறிவிட்டார் என்று லாட்டா கிளம்பிப் போனார். பேதி மறுபடி பிடித்துக்கொள்ள, ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். திரும்பவும் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று லாட்டாவே எழுதினார்.

அந்தக் காலத்து மருத்துவர்களின் பிடிவாதமே இந்த முறையைக் கைவிட வைத்தது என்று சொல்வதுண்டு. பிடிவாதம் இருந்தது உண்மை. இரத்தம் வடிப்பதையே வைத்தியமாக நம்பியவர்கள் அவர்கள். ஆனால் பிடிவாதம் இல்லாதவர் கையிலும் இது தோற்றிருக்கும். ஒவ்வொரு முறையும் தோலைக் கீறிச் சிரையைத் தேட வேண்டும், நீரில் கிருமி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அடர்த்தியான உப்புநீரை ஏற்றிக் காலராச் சாவுகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தாரே, அவரிடம் மட்டும் நவீனக் கருவி இருந்ததா என்று கேட்கலாம். கிருமியை அறிந்த தலைமுறை அவருடையது. அந்த வித்தியாசம் பெரிது. அப்போதும் நீர் ஏற்றியதும் குளிர்காய்ச்சல் வருவது நிற்கவில்லை. காய்ச்சிய நீரில் கிருமி செத்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு சாவதில்லை என்பதை 1923-இல் ஃப்ளாரன்ஸ் சைபர்ட் கண்ட பிறகே விடை கிடைத்தது. மறு ஆண்டு ருடால்ஃப் மாட்டாஸ், சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் ஏற்றும் முறையை எழுதினார். 1950-இல் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா உருவாக்கிய பிளாஸ்டிக் குழலை, இரும்பு ஊசியை உருவிய பின்னும் சிரைக்குள்ளேயே விட்டுவைக்க முடிந்தது. நம் செவிலியர்கள் ‘வென்ஃப்ளான்’ என்று சொல்வது அதன் வாரிசைத்தான்.

இத்தனை குழாயும் வீண், வாய்வழியே உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும் என்பதற்கு 1971-ஐக் காட்டுவார்கள். வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதைக் கொடுத்து, முப்பது சதவீதமாக இருந்த காலராச் சாவை 3.6 ஆக்கினார். அவரை அந்த முடிவுக்குத் தள்ளியதும் சலைன் பாட்டில் தீர்ந்துபோனதுதான். கையிருந்த கொஞ்சத்தை, குடிக்கத் தெம்பில்லாமல் வந்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.