இன ஒருங்கிணைப்புக் கொள்கை (சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டும் விதியே இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் அறிவித்த இக்கொள்கை 1989 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வரம்பு இரண்டு அளவில் பார்க்கப்படுகிறது. ஒன்று ஒரு புளோக்; மற்றொன்று பல புளோக்குகள் சேர்ந்த பேட்டை. சீனருக்குப் பேட்டையில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியருக்கும் பிற இனத்தாருக்கும் சேர்த்து 10, 13 என்று தொடங்கி, 2010 மார்ச்சில் 12, 15 என உயர்த்தப்பட்டது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கும் அதே மாதம் தனி வரம்பு வந்தது. ஓர் இனத்தின் வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் அங்கே வேற்றினத்தாரிடமிருந்து வீடு வாங்க முடியாது. தம் இனத்தாரிடமிருந்து வாங்கத் தடையில்லை. கணக்கு மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதால், இம்மாதம் மூடிக்கிடக்கும் புளோக் அடுத்த மாதம் திறக்கக்கூடும்.

இனவாரியாக இடம் பிரிப்பது இந்தத் தீவுக்குப் பழக்கமானதுதான். 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே சீனர், மலாய்க்காரர், சூலியர் எனப்பட்ட தென்னிந்தியர், ஐரோப்பியர் என்று ஆளுக்கொரு பகுதி குறிக்கப்பட்டிருந்தது. பிறகு சிராங்கூன் சாலையிலும் செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றியும் தமிழரும் மலையாளிகளும் திரண்டது பாதி வேலையின் விளைவு, பாதி காலனி ஆட்சியின் வசதி. 1964-இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே இரண்டு முறை வெடித்த கலவரங்கள், தனித்தனி வட்டாரங்களில் வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டின. 1960-இல் அமைந்த வீவக, குடிசைப் பகுதிகளிலிருந்தும் கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்தும் மக்களைப் பெயர்த்து அடுக்குமாடிகளில் கலந்து குடியேற்றியது. ஆனால் கலப்பு நிலைக்கவில்லை. மறுவிற்பனைச் சந்தை வளர்ந்ததும் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும், ஈசூனில் இந்தியரும் மீண்டும் குவியத் தொடங்கினர். 1989 விதியின் உடனடிக் காரணம் இதுவே.

கிளமெண்டி போன்ற நகரங்களில் இந்த விதி எப்படி இறங்கியது என்பது கவனிக்கத்தக்கது. 1970-களின் பின்பாதியில் எழுந்து, 1988-இல் எம்ஆர்டி ரயில் நிலையமும் பெற்றுவிட்ட நகரம் அது. வரம்பு வந்தபோது குடும்பங்கள் வேரூன்றியிருந்தன. எவரையும் காலி செய்யச் சொல்லவில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் மட்டுமே விதி குறுக்கே வந்தது. அதனால் எதிர்ப்பு கூட்டமாகத் திரளவில்லை. சுமையும் ஒரு சமூகத்தின் மீது ஒரே நாளில் விழாமல், வீடு விற்க நேர்ந்த தனித்தனிக் குடும்பங்களின் மீது வெவ்வேறு காலங்களில் விழுந்தது. இக்கொள்கையின் வலிமையும் குறையும் இதற்குள்தான் இருக்கின்றன. நாட்டைச் சேர்த்து வைப்பதில் அது பெரும்பாலும் வென்றிருக்கிறது. நியாயத்தில் தவறுவது, பொது நன்மைக்கான செலவைத் தனி ஆள் தலையில் கட்டும் இடத்தில்.

முதலில் சேர்த்து வைத்தது பற்றி. வற்புறுத்தாவிட்டாலும் மக்கள் கலந்து வாழ்வார்கள், சட்டம் போடுவது அவர்களை அவமதிப்பது என்ற வாதம் உண்டு. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இலேயே இதற்குக் கணித வழியில் ஒரு பதிலை வைத்துவிட்டார். அண்டை வீட்டாரில் சிலராவது தம்மவராக இருக்கட்டும் என்ற மிதமான விருப்பமே, ஒவ்வொருவராக இடம் மாறும்போது, யாரும் விரும்பாத முழுப் பிரிவினையில் கொண்டுபோய் விடும். சிங்கப்பூரின் தரவுகளையே எடுத்து ஆராய்ந்த மேசி வோங் 2013-இல் வெளியிட்ட முடிவும் இதோடு பொருந்துகிறது. எல்லா இனத்தவரும் அருகில் ஓரளவு தம்மவர் இருப்பதை விரும்புகிறார்கள். அந்த அளவு எட்டிய பிறகு வேற்றினத்தார் வருவதையே விரும்புகிறார்கள். அப்படியானால் வரம்பு மக்கள் மனத்துக்கு விரோதமானதல்ல. தனித்தனியாக எட்ட முடியாத ஒரு நிலையைப் பொதுவில் எட்ட வைக்கும் கருவி அது. மிக அதிகமாகத் தலையிட்ட கொள்கையே மிக முக்கியமானதாக அமைந்தது என்ற பொருளில் தர்மன் சண்முகரத்னம் 2015-இல் துணைப் பிரதமராக இருந்தபோது பேசினார். மிகையில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பதனால் மட்டும் நட்பு வந்துவிடுமா? வராது. மின்தூக்கியில் தலையசைப்பதோடு நிற்கும் உறவுகள் ஏராளம். ஆனால் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் பள்ளிக்கு அருகில் வசிப்போருக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே பேட்டையின் கலவை பெருமளவு வகுப்பறையின் கலவையாகிறது. பெரியவர்களிடம் கிடைக்காதது ஏழு வயதில் கிடைக்க வாய்ப்புண்டு.

அரசியல் சார்ந்த ஆட்சேபம் இன்னும் கனமானது. எந்த வட்டாரத்திலும் சிறுபான்மையினர் பெரும்பான்மையாக முடியாதபடி விதி பார்த்துக்கொள்கிறது. தம் வாக்கு பலத்தால் ஒருவரை அனுப்பும் வழி அவர்களுக்கு அடைபடுகிறது. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும்படி 1988-இல் கொண்டுவரப்பட்ட குழுத்தொகுதி முறை, ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதித்து இந்த இழப்பை ஈடுசெய்வதாகச் சொல்லலாம். முழு ஈடு ஆகாது. தொகுதியில் திரண்ட மக்கள் அனுப்பும் உறுப்பினரும், கட்சி தேர்ந்து அணியில் சேர்க்கும் உறுப்பினரும் ஒன்றல்ல. ஆயினும் இன அடிப்படையில் தொகுதிகள் உருவாவதன் விலை என்ன என்பதை அண்டை நாடுகளின் அரசியலைப் பார்த்தவர்கள் எளிதில் மறுக்க மாட்டார்கள்.

வரம்பு எப்போது பிரிவினைக்கு வித்திடும் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று இலங்கையில் இருக்கிறது. 1971-இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் தமிழ்மொழி மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு வாய்ப்பு என்பது தன்னளவில் தவறான எண்ணமல்ல. மன்னார் போன்ற தமிழ் மாவட்டங்களுக்கே அதனால் பயன் உண்டு. ஆனால் செலவு முழுவதும் யாழ்ப்பாண மாணவர் போன்ற அடையாளம் தெரிந்த ஒரு கூட்டத்தின் மீது ஒரேயடியாக இறங்கியது. அதுவும் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தின் காயம் ஆறாத காலம். தகுதி இருந்தும் வாசலில் நிறுத்தப்பட்ட இளைஞர்கள் அதை நாடு தங்களைக் கைவிட்டதாகவே வாசித்தார்கள். சிங்கப்பூரின் வரம்பு பெரும்பான்மையினரையும் கட்டுகிறது. சீனர் நுழைய முடியாத புளோக்குகள் உண்டு என்பதே அதற்கு ஒரு நேர்மையைக் கொடுக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் எல்லாருக்கும் ஒரே சுமை ஆகிவிடாது. கணக்கைப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, பிறர் 3.2. இது தனியார் வீடுகளில் வாழ்வோரையும் உள்ளடக்கிய தலைக்கணக்கு. வரம்போ வீவக வீடுகளின் கணக்கு. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டாலும் போக்கு தெளிவு. பேட்டை அளவில் சீனருக்கு ஏறக்குறைய 10 புள்ளி இடைவெளி இருக்கிறது, மலாய்க்காரருக்கு எட்டரை. இந்தியரும் பிறரும் சேர்ந்து 12.2; அவர்களுக்கான பேட்டை வரம்பு 12. இடைவெளியே இல்லை. 1990-இல் இந்தியர் 7.1, பிறர் 1.1 என்று இருந்த கூட்டுத்தொகை முப்பதாண்டில் நான்கு புள்ளி ஏறியது. வரம்பு ஏறியது இரண்டு புள்ளி. அந்த நான்கில் பாதிக்கு மேல் ‘பிறர்’ என்ற பிரிவின் வளர்ச்சி. யூரேசியரும் பிலிப்பினோவும் தமிழரும் ஒரே பெட்டியில் போடப்பட்டிருப்பதால், ஒருவர் பெருகினால் இன்னொருவருக்கு இடம் குறைகிறது. இன அடையாளம் இரட்டையாகப் பதிவாக 2011 முதல் வழி இருந்தும், வரம்புக்கு எடுத்துக்கொள்ளப்படுவது முதலில் எழுதப்பட்ட இனம் மட்டும்.

விற்பவர் பக்கம் சமனின்மை இன்னும் கூர்மையானது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் நான்கில் மூன்று பங்கு அவருக்கு இல்லாமல் போகிறது. எஞ்சியவர்களோ அவரது நெருக்கடி அறிந்து விலை பேசுவார்கள். இந்தியர், பிறர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இருக்கும் சீனருக்கு நேர்வது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இழப்பு, அவ்வளவே. இதெல்லாம் அபூர்வம் என்ற பதில் போதாது. ஒரு குடும்பத்தின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் இருக்கிறது. தனியார் கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கு இவ்வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டின் ஒற்றுமைக்கான கட்டணத்தை வீவக வீட்டார் செலுத்துகிறார்கள், அவர்களிலும் சிறுபான்மையினர் அதிகம் செலுத்துகிறார்கள். வசதி படைத்தவர் செலுத்துவதில்லை.

2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இவ்விவகாரம் எழுந்தது. 2022 மார்ச்சில், வரம்பினால் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளர்களிடமிருந்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வீவக தானே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாட்டை அரசு அறிவித்தது. சரியான திசை, ஆனால் விற்கவே முடியாதவருக்குத்தான் அது கைகொடுக்கிறது, குறைந்த விலைக்கு விற்றவருக்கு அல்ல. விலை இழப்பைத் துல்லியமாக அளக்க முடியாது, இழப்பீடு தந்தால் வாங்குபவரும் விற்பவரும் கூடிப் பேசிக்கொள்வார்கள் என்ற தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் 1990 முதல் நடந்த மறுவிற்பனைகளின் விலை, நகரம், மாடி, பரப்பளவு வாரியாக வீவகவிடம் பதிவாகி, பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்கிறது. கிளமெண்டியில் ஒரே புளோக்கில், ஒரே பரப்பளவில், ஒரே ஆண்டில் விற்ற இரண்டு வீடுகளின் விலையை ஒப்பிட்டு, வரம்பு நிரம்பியிருந்த மாதங்களில் எவ்வளவு குறைந்தது என்று சராசரி காண்பது கடினமான வேலையல்ல. அந்தச் சராசரியை விற்பவர் கேட்கும் தொகையோடு கட்டாமல் நிலையான ஈடாகக் கொடுத்தால் கூடிப் பேசுவதற்கும் இடமிராது.