படுக்கையா, பாயா? - மெட்ராஸ்ல நடந்த ஒரு காசநோய் ஆராய்ச்சி

பீச்-தாம்பரம் ரயில்ல போறவங்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டினதும், தாம்பரம் வர்றதுக்கு முன்னாடி 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன். தினமும் எத்தனையோ பேர் "ஒரு சானடோரியம்"னு கேட்டு டிக்கெட் வாங்குறாங்க. ஏதோ ஊர் பேருன்னு நினைச்சுக்கறவங்கதான் அதிகம். அது ஊர் பேரு இல்லை, ஒரு வைத்திய முறையோட பேரு. அந்த முறைக்கு முடிவு கட்டினதும் இதே மெட்ராஸ்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்துல, உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பினது மூணு விஷயத்தை. ஓய்வு, சுத்தமான காத்து, நல்ல சாப்பாடு. இந்த மூணையும் ஒரே இடத்துல வச்சுக் கொடுக்கற இடம்தான் சானடோரியம். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவுல. மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல அங்கேயே படுத்திருக்கணும். தாம்பரத்துல அதை 1928ல ஆரம்பிச்சவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்துல மெண்டிப் ஹில்ஸ்ங்கற இடத்துல சானடோரியம் நடத்தினவர். 1917ல நம்ம கணித மேதை ராமானுஜன் அங்கே இவர்கிட்ட சிகிச்சைக்கு இருந்திருக்கார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோயே இல்லை, கல்லீரல்ல அமீபா பாதிப்புன்னு பிற்காலத்துல ஒரு வாதம் உண்டு. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

இந்த வைத்தியம் யாருக்குக் கிடைச்சது? நேருவோட மனைவி கமலா ஐரோப்பா வரைக்கும் போய் வைத்தியம் பார்த்தாங்க, 1936ல லோசான்ல இறந்தாங்க. பணமும் செல்வாக்கும் இருந்தவங்க கதையே இப்படின்னா, கை ரிக்‌ஷா இழுத்தவர், பீடி சுத்தினவர் எல்லாம் எங்கே போவாங்க? புதுமைப்பித்தன் சினிமா வேலையா புனேக்குப் போய், காசநோயோட திரும்பி, 1948 ஜூன் 30ல திருவனந்தபுரத்துல இறந்தார். வயசு 42. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் குறைக்குதுன்னு முறையான ஆய்வு முடிவு லண்டன்ல அச்சானது அதே வருஷம் அக்டோபர்ல. நாலு மாச வித்தியாசம். இதைப் படிக்கறப்போ எல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

1952ல ஐசோநயசிட் வந்தது. மாத்திரை, விலையும் குறைவு. இதோட பி.ஏ.எஸ். என்கிற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா, கிருமி மருந்துக்குப் பழகிப்போறதைத் தடுக்கலாம்னும் தெரிஞ்சது. ஆனா அப்பவும் மருந்துங்கறது சானடோரியத்துல படுக்கப் போட்டுக் கொடுக்கற விஷயமாத்தான் இருந்தது. இந்தியாவுல நோயாளிங்க லட்சக்கணக்குல, படுக்கைகளோ ஆயிரக்கணக்குல. எல்லாருக்கும் படுக்கை கட்டி முடிக்கணும்னா பல தலைமுறை ஆகும். அதுவரைக்கும் வரிசையில நின்னு சாகணுமா?

அதனால கேள்வியை மாத்திக் கேட்டாங்க. படுக்கை எப்படிக் கட்டறதுன்னு இல்லை, படுக்கை நிஜமாவே தேவையான்னு.

1956ல சேத்துப்பட்டுல காசநோய் வேதிசிகிச்சை மையம் ஆரம்பிச்சது. (ராமானுஜன் 1920ல கண் மூடினதும் இதே சேத்துப்பட்டுலதான்!) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நாலு பேரும் சேர்ந்து நடத்தினது. வழிநடத்தினவர் வாலஸ் ஃபாக்ஸ்ங்கற பிரிட்டிஷ் டாக்டர்.

எடுத்துக்கிட்டது நகரத்தோட ஏழை நோயாளிகள், 193 பேர். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்குன்னு டாக்டர் முடிவு பண்ணலை, நோயாளியும் முடிவு பண்ணலை. குலுக்கல் முறைதான். ரெண்டு பக்கமும் அதே மருந்து, அதே ஒரு வருஷம். ஒரு பக்கம் கட்டில், ஓய்வு, நேரத்துக்கு நல்ல சாப்பாடு, நர்ஸ். இன்னொரு பக்கம் நெருக்கமான குடியிருப்பு, ஒரே அறையில மொத்தக் குடும்பமும், தரையில பாய், கிடைச்சதைச் சாப்பிட்டு, முடிஞ்சா வேலைக்கும் போயிட்டு வர்ற வாழ்க்கை. வாரம் ஒரு தடவை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிட்டுப் போகணும்.

அன்னைக்கு இது லேசான காரியமில்லைங்க. சளியில கிருமி இருக்குன்னு தெரிஞ்ச ஆளைக் குழந்தைகுட்டிங்க இருக்கற வீட்டுக்கே திருப்பி அனுப்பறீங்களேன்னு யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால நோயாளியை மட்டும் இல்லாம கூட இருக்கற குடும்பத்தையும் கூடவே கண்காணிச்சாங்க. அதுவும் அஞ்சு வருஷம்.

முடிவு 1959ல வெளியாச்சு. ஒரு வருஷ முடிவுல சானடோரியத்துல இருந்தவங்கள்ல 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு. வீட்டுல இருந்தவங்கள்ல 86 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். சானடோரியத்துல இருந்தவங்களுக்கு எடை நிறைய ஏறியிருந்தது, அது உண்மை. ஆனா கிருமியைக் கொன்னது மருந்து, கட்டில் இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியமானது. வீட்டுல இருந்த நோயாளியோட குடும்பத்துக்கு நோய் அதிகமா பரவிச்சா? இல்லை. அஞ்சு வருஷக் கணக்குல சானடோரியத்துக்குப் போனவங்க குடும்பத்தைவிட இவங்க குடும்பத்துல நோய் கூடுதலா வரலை. காரணத்தை யோசிச்சா புரியும். நோய் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அதே அறையில இருமிக்கிட்டுத்தானே இருந்திருக்கார்? பரவ வேண்டியதெல்லாம் அப்பவே பரவிடுது. மருந்து ஆரம்பிச்சதும் பரப்பற சக்தி சீக்கிரமே குறைஞ்சிடுது. அப்போ வீட்டைவிட்டு அனுப்பி என்ன பிரயோஜனம்? சம்பாதிக்கற ஆள் ஒரு வருஷம் இல்லாம அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வர்றதுதான் மிச்சம்.

ஒண்ணைக் கவனிங்க. வீட்டுல வச்சுப் பார்த்தாங்கன்னா மாத்திரையைக் கையில கொடுத்து "போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பிடலை. ஃபாக்ஸும் கூட இருந்தவங்களும் மருந்து சாப்பிடற விஷயத்துல யாரையும் வார்த்தையை வச்சு நம்பலை. சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க. சிறுநீரைச் சோதிச்சாங்க. வராதவங்களைத் தேடிப் போனாங்க. பி.ஏ.எஸ். ஒரு நாளைக்குப் பல கிராம் முழுங்கணும், வயித்தைப் புரட்டும். இருமல் நின்னு உடம்பு தேறினப்புறம் அதை மாசக்கணக்குல யார் சாப்பிடுவா? படிச்சவங்களும் விட்டுடுவாங்க. ஆஸ்பத்திரியில ஆன்டிபயாடிக் அஞ்சு நாளைக்கு எழுதித் தந்தா மூணாம் நாளே நிறுத்தற ஜாதிதானே நாம எல்லாரும் :-)

அதனால அடுத்த கட்டமா, வாரம் ரெண்டே தடவை, ஊழியர் கண் முன்னாடியே மருந்து கொடுத்தா போதுமான்னு பார்த்தாங்க. தினமும் வீட்டுல தானா சாப்பிடற முறைக்கு அது குறைஞ்சதில்லைன்னு 1964ல எழுதினாங்க. பிற்காலத்துல டாட்ஸ்னு உலகம் முழுக்கப் போன நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வேர்ல ஒண்ணு இங்கேதான் இருக்கு.

இப்போ கொஞ்சம் பெங்களூர் பக்கம் போவோம். வீட்டுலயே குணப்படுத்தலாம்னு தெரிஞ்சாச்சு. ஆனா நோயாளியைக் கண்டுபிடிக்கறது யாரு? எக்ஸ்ரே வண்டியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கிராமத்துக்கும் போக முடியுமா? "கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு கிடையாது, நாமதான் தேடிப் போகணும்"ங்கறது பொதுவான எண்ணம். இன்னைக்கும் எந்த மேடையிலயும் இந்த 'விழிப்புணர்வு' வார்த்தை இல்லாம மைக்கை விடமாட்டாங்க. 1959ல ஆரம்பிச்ச பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்துல தேவவர் பானர்ஜிங்கறவரும் ஸ்டிக் ஆண்டர்சன்ங்கறவரும் இதைச் சும்மா நம்பிடலை. தும்கூர் மாவட்ட கிராமங்கள்ல காசநோய் இருக்கறவங்களைப் பார்த்து விசாரிச்சாங்க. 1963ல வெளியான முடிவு தூக்கி வாரிப்போடும். நோய் இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தன் உடம்புல ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சிருக்கு, கவலையும் பட்டிருக்காங்க. பாதிப் பேருக்கு மேல ஏற்கனவே வைத்தியம் தேடியும் போயிருக்காங்க. அங்கே அவங்களுக்குக் கிடைச்சது? ஒரு பாட்டில் இருமல் மருந்து.

திரும்பப் படிங்க. ஜனங்க வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிதான் கவனிக்கலை.

இந்த ரெண்டு ஊர் ஆராய்ச்சியையும் வச்சுத்தான் 1962ல தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. தனி டி.பி. ஆஸ்பத்திரி இல்லாம, மாவட்டத்துக்கு ஒரு மையம், மத்ததெல்லாம் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்துலயே. இருமலோட வர்றவரோட சளியை அங்கேயே மைக்ரோஸ்கோப்ல பார், இருந்தா அங்கேயே மாத்திரை கொடு. காகிதத்துல பார்த்தா அழகான திட்டம். ஏழை நாடு தன் கையில இருக்கறதை வச்சு, எல்லாருக்கும் சமமா என்ன செய்யலாம்னு யோசிச்சுச் செஞ்சது.

நடந்தது என்னன்னா, ஆராய்ச்சியில செலவு குறைவான பாகத்தை எடுத்துக்கிட்டாங்க, செலவாகற பாகத்தை விட்டுட்டாங்க. இது என் கருத்து, மறுக்கறவங்க மறுக்கலாம். 'வீட்டுல வச்சே பார்க்கலாம், படுக்கை வேணாம்'ங்கறது அரசாங்கத்துக்கு இனிப்பான சேதி. ஆனா சேத்துப்பட்டுல அந்த 86 சதவீதம் வந்தது வீடு தேடிப் போன ஆளுங்களால. அந்த ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்க எந்த பட்ஜெட்டும் முன்வரலை. மருந்து பல இடத்துல பாதியில தீர்ந்துபோகும். முப்பது வருஷம் கழிச்சு, 1992ல திட்டத்தைப் பரிசீலனை பண்ணினப்போ, சிகிச்சையை ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேர்கூட முடிக்கலைன்னு தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் 1993ல சோதனை முயற்சியா திருத்தியமைச்ச திட்டம், கண்ணெதிர்ல மருந்து எல்லாம் வந்து, 2006ல நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நாள் விட்டு நாள் கொடுக்கற முறையையும் 2017ல மாத்தி தினசரி மாத்திரை ஆக்கினாங்க.

விட்டுப்போன இன்னொரு விஷயம் சாப்பாடு. வீட்டுல இருந்த நோயாளிகளோட உணவு ரொம்ப மோசமா இருந்தும் நோய் அடங்கினதால, 1961ல மெட்ராஸ் குழு ஒரு கட்டுரை எழுதினாங்க. நல்ல மருந்து ஒழுங்கா சாப்பிட்டா, சாப்பாட்டுக் குறை நோய் அடங்கறதைப் பெருசா பாதிக்கலைன்னு. அவங்க கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். முட்டை, பால் வாங்க வக்கில்லாதவனுக்கும் மருந்து கொடுக்கலாம்னு அது சொல்லுச்சு. ஆனா நாளடைவுல அது 'காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை'ன்னு சுருங்கிப் போச்சு. நோய் யாருக்கு வருது, யார் சாகறாங்கங்கறது வேற கேள்வி. அதை மெட்ராஸ்ல அப்போ சோதிக்கவே இல்லை.

அந்தக் கேள்வியை முறையா கேட்க அறுபது வருஷம் ஆச்சு. 2019லேர்ந்து 2022 வரைக்கும் ஜார்க்கண்ட்ல நாலு மாவட்டத்துல அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ரெண்டு பேரும் மத்த ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தினாங்க. 'ரேஷன்ஸ்'னு பேரு. 2,800 நோயாளிகள், அவங்க வீட்டு ஆளுங்க 10,345 பேர். நோயாளிங்க எல்லாருக்கும் மாசம் பத்து கிலோ உணவுப் பை. ஒரு பகுதி குடும்பங்களுக்கு மட்டும், வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் மாசம் அஞ்சு கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023ல லான்செட்ல வந்த முடிவு: சாப்பாடு கிடைச்ச குடும்பங்கள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. தொத்தற வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதம். நோயாளிகள்ல முதல் ரெண்டு மாசத்துல அஞ்சு சதவீத எடை ஏறினவங்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும்தாங்க, வேற எந்த அதிசய மருந்தும் இல்லை!

மத்திய அரசு நோயாளிக்குச் சத்துணவுக்காக 2018லேர்ந்து மாசம் 500 ரூபாய் கொடுத்துட்டு இருந்தது, 2024 நவம்பர்லேர்ந்து அது 1000 ரூபாய். உலகத்துல நாலு காசநோயாளியில ஒருத்தர் இன்னமும் இந்தியாவுலதான் இருக்கார். சேத்துப்பட்டு மையத்துக்கு 2011லேர்ந்து தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேரு.

தமிழ்நாட்டுல 2022ல 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நோய் உறுதியானதுமே சுகாதார ஊழியர் மூணு விஷயம் பார்க்கறார். உடம்பு ரொம்ப இளைச்சுப் போயிருக்கா, மூச்சு வாங்குதா, பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதா. முடியாதவங்களைத் தாமதிக்காம ஆஸ்பத்திரியில சேர்த்து, தேறின பிறகு வீட்டுக்கு அனுப்பறாங்க. மத்தவங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே வீட்டுலதான் மருந்து.