பழமின்றி வந்த பழமணம்

மாலைப் பொழுதை முல்லைத் திணைக்கு வகுத்தது தொல்காப்பியம். அம்மலர் விரிவதும் அப்பொழுதே. மேனாட்டு மகளிர்க்கோ மாலைமணம் புட்டியில் வாய்த்தது.

1919இல் பாரிசு நகரின் ழாக் கெர்லேன் படைத்த 'மிட்சுக்கோ'வில் மல்லிகையோடும் ரோசாவோடும் பீச்சுப் பழமும் மணந்தது. பழம் எதுவும் பிழியப்படவில்லை. மல்லிகை தன் மணத்தைக் கொழுப்பிற்கு ஈந்துவிடும். பீச்சு அங்ஙனம் எளிதில் ஈவதில்லை. 1908இல் ஆய்வுக்கூடம் கண்ட சேர்மமொன்றே அம்மணத்தைத் தந்தது. வணிகர் அதனை 'ஆல்டிஹைடு சி-14' என்றழைத்தனர். உண்மையில் அஃதொரு லாக்டோன். (நறுமணத்தின் பெயரும் இரவலே, கிளாட் ஃபாரேர் 1909இல் வெளியிட்ட புதினத்தில் வரும் சப்பானியப் பெண்ணின் பெயர் அது.)

போலி மணமென்று இதனை இகழ்வாருக்கு நான் உடன்படேன். பீச்சுப் பழத்தின் இயல்பான மணத்திற்கு முதன்மையான லாக்டோனுக்கும் இதற்கும் ஒரே ஒரு கரியணுதான் வேறுபாடு.